இடது முப்பத்திநாலரை

கெண்டை என்று யார் பெயர் வைத்தார்களோ
சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.
விடிகாலை மூன்று மணிக்கு
முழங்காலுக்குக் கீழே
கரையில் போட்ட மீனாய்த் துள்ளி
என்னை எழுப்பி உட்காரவைத்துவிட்டு
அது மட்டும் மறுபடி தூங்கிவிடுகிறது.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது,
நடங்கள் என்றார் டாக்டர்.
நடை அலுத்துப்போய் ஒருநாள்
கோட்டை அகழியோரம் ஓடிப் பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அதனால் தினமும் ஓடினேன்.
மூன்றாம் வாரம் கால் கல்லாகிவிட்டது.

ஆற்காடு ரோட்டில்
சக்கர நாற்காலிகளை மடித்து வாசலில் சாய்த்த கடை.
ஜக்கரியா பாய் கழுத்தில் இஞ்ச் டேப்.
"சாக்ஸா, ஸ்லீவா?"
"இன்னா வித்தியாசம்?"
"சாக்ஸு வெரல்லேர்ந்து முட்டி வரிக்கும் புடிக்கும்.
ஸ்லீவு கெண்டைய மட்டும்.
பாதம் வீங்குதா?"
வீங்கவில்லை.
"நின்னுகினே வேலையா?"
உட்கார்ந்துதான்.
மேல்விஷாரம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன்,
நான் பார்க்கவே போகாத பாதங்களுக்கு.

ஸ்லீவை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவினேன்.
"துணிக்கடைன்னு நெனச்சிகினியா?"
தையல் தடித்தால் தோலை அறுக்கும் பாய்.
அந்த ஒன்று எனக்குத் தெரியும்.
சாக்ஸ் வேண்டாம் என்றேன்.
மே மாத வேலூரில்
விரலுக்கும் எதற்கு ஒரு சட்டை?

டேப்பை எடுத்தவர் மணியைப் பார்த்து நிறுத்தினார்.
"சாயங்காலம் அளந்தா கால் பொய் சொல்லும்.
காலைல வா."

ஞாயிறு, ஏழரை மணி.
வலது முப்பத்தாறு.
இடது முப்பத்திநாலரை.
நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.
பதினான்கு வருஷமாய் மிஷின் பெடலை
மிதித்தது வலது.
இடது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து
வேடிக்கை பார்த்தது.

முப்பத்தைந்து வரை மீடியம்.
அதற்கு மேல் லார்ஜ்.
பெட்டியிலோ ஜோடியாகத்தான் வருகிறது,
உலகத்தில் எல்லோருக்கும்
இரண்டு காலும் ஒரே வேலை செய்வதுபோல.

இரண்டும் லார்ஜ் போட்டால்
இடது நழுவிக் கணுக்காலில் குந்தும்.
இரண்டும் மீடியம் என்றால் வலது செத்தது.
"புடிக்கணும்மா. நெரிக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு
அடி இழுப்பறையைத் திறந்தார்.
பெட்டி இல்லாமல் ஒன்றே ஒன்று,
மீடியம், சீட்டு மட்டும் தொங்க.
"ராணிப்பேட்டைக்காரர் ஒருத்தர்.
ஒத்தைக் கால்தான்.
மீதிய நீயே வெச்சிக்க பாய்னு பூட்டார்."

எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை.
ஸ்லீவுக்கு இடது வலது கிடையாது.
சீட்டில் தோல் நிறம் என்றிருந்தது.
யாருடைய தோல் என்று இல்லை.
என் காலில் அது
வேறு ஊரிலிருந்து விருந்துக்கு வந்ததுபோல்
வெளுத்து உட்கார்ந்தது.

வலதுக்குக் கறுப்பு லார்ஜ்.
ஒத்தைக்கு விலை எங்கேயும் அச்சாகவில்லை.
பழைய பில்லின் முதுகில்
பாதியும் பாதியும் கூட்டி
எண்பது ரூபாய் தள்ளினார்.
மிஞ்சிய கறுப்பைச் சுருட்டி
அதே இழுப்பறையில் போட்டு
முழங்காலால் தள்ளி மூடினார்.

இப்போது
ஒன்று கறுப்பும் ஒன்று வெளுப்புமாய்
அகழியைச் சுற்றுகிறேன்.
நடைக்கு வரும் மாமிகள்
முகத்துக்கு முன்னால் காலைப் பார்த்து
வணக்கம் சொல்கிறார்கள்.
தண்ணீரில் எதுவோ துள்ளி விழும்போது
என் இரண்டும் உறைக்குள் அசைவது தெரிகிறது.

வலி போய்விடவில்லை.
மூன்று மணி ஐந்தாகியிருக்கிறது.
எப்படியும் எழுந்திருக்கவேண்டிய நேரம்தான் அது.

கம்பெனிக்குப் போக
ராணிப்பேட்டை பஸ்ஸில் ஏறும்போது
படியில் நிற்பவர்களின் கால்களைப் பார்க்கிறேன்.
பேண்ட்டும் வேட்டியும் எதையும் சொல்வதில்லை.

ஆற்காடு ரோட்டுக் கடை,
அடி இழுப்பறை,
கறுப்பு, லார்ஜ், ஒன்று.
முப்பத்தாறு அளவுள்ள யாராவது
போய்க் கேளுங்கள்.
காலையில் போங்கள்.